ஏறாத புள்ளி

சத்தம் என்னவோ ஒன்றுதான். எந்தப் பித்தானை அமுக்கினாலும் இந்தச் சர்வே மெஷின் ஒரே மாதிரித்தான் கீங் என்று கத்தித் தொலைக்கும். அளந்து, திரையில் ஒரு தரம் காட்டிவிட்டு மறந்துபோவதற்கு ஒரு பித்தான். அளந்ததற்கு நம்பர் போட்டுத் தன் வயிற்றுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கு அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பித்தான். சத்தத்தையாவது வேறு வேறாக வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா, எந்த மகராசன் செய்தானோ என்று அந்த முகம் தெரியாத மகராசனைத் திட்டிக்கொண்டே ஆழ்வார்சாமி அடுத்த சமாதியைத் தேடி டெலஸ்கோப்பைத் திருப்பினான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது, விரல் நம்முடையதுதானே. விரல் வழுக்கிப் போய்ப் பக்கத்துப் பித்தானில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நன்றாகத் தெரிந்து, யோசித்து, கூசாமல்தான் சற்று முன் அந்த முதல் பித்தானை அமுக்கினான். கீங். ஓடைக்கரையில் நின்ற குருவம்மா கழுத்தை நீட்டி, புள்ளி ஏறிருச்சாய்யா என்று கேட்டாள். ஏறிருச்சும்மா என்றான். அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை, உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரிடம் ஆச்சு ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே நின்றபடியே இந்த மெஷினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவனைக் கும்பிட்டிருந்தால்கூட ஏதாவது மழுப்பியிருப்பான், அட இதெல்லாம் எதுக்கும்மா என்று. மெஷினை அல்லவா கும்பிட்டாள். மெஷினுக்கு என்ன தெரியும், அது வாங்கவே இல்லை, வாங்காத பொருளுக்குக் கும்பிடு வாங்கிக்கொண்டு மூன்று காலில் சிவனே என்று நிற்கிறது. கம்பு பிடிக்கிற சன்னாசி அதற்குள் அடுத்த மேட்டில் கம்பை ஊன்றி, கம்பின் தலையில் இருக்கும் பிரிசக் கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பி, ரசமட்டக் குமிழியைப் பார்த்து நேராக்கிக்கொண்டிருந்தான். வெயில் பிரிசத்தில் பட்டு ஒரு வெட்டு வெட்டியது. ஆழ்வார்சாமி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு குறி பார்த்து, இந்தத் தடவை சரியான பித்தானை அமுக்கினான்.

நூற்றுப்பதினேழு. அவளுடைய பிள்ளைக்கு விழுந்திருக்க வேண்டிய நம்பர். அது இப்போது சிமெண்ட் பூசி வெள்ளையடித்த யாரோ ஒரு பெரிய மனுஷனின் சமாதிக்குப் போய்விட்டது. வரிசையில் நிற்கிற பிள்ளையைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்கிற ஆளைப் போல அந்தச் சமாதி டெலஸ்கோப்புக்குள் தலைகீழாக இல்லாமல் நேராக, நன்றாக, கொழுகொழுவென்று தெரிந்தது. என்ன செய்ய, இன்ஜினியர் தம்பி சொன்னது அப்படி. புறவழிச்சாலை இந்தச் சுடுகாட்டின் மேலேதான் வருகிறது. இனி மாற்ற முடியாது. ரோட்டுக்கோடு விழுகிற இடத்தில் என்னென்ன புதைத்திருக்கிறது என்று புள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்தப் புள்ளிகளை மட்டும் தோண்டி, இருக்கிறதைப் பானையில் அள்ளி, பெருமாள்மலைக்குப் பின்னால் ஒதுக்கின புறம்போக்கில் முறைப்படி மறுபடியும் அடக்கம் செய்துகொடுப்பார்கள். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது இது. புள்ளி ஏறாதது அப்படியே கிடக்கும். அதன் மேல் ஜல்லி விழும், ரோலர் ஓடும், தார் ஊற்றுவார்கள், அப்புறம் காலாகாலத்துக்கும் லாரி போகும். கண்ணுக்குத் தெரியிறத மட்டும் எடுங்க, மேடு, கல்லு, சிமெண்ட்டு, சிலுவை, ஏதாவது ஒண்ணு இருக்கணும், சும்மா தரையக் காட்டி எங்க தாத்தாம்பான், எங்க பாட்டன்பான், அதையெல்லாம் ஏத்துனீங்கன்னா நாளைக்கு ஊரே தரையக் காட்டும், என்று காலையில் அந்தத் தம்பி நாலு பேர் முன்னால் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனது. மகன் வயசு. போன மாசம் ஒரு பாலத்து வேலையில் எல்லாரும் பார்க்க, இந்த மெஷினைக் காயலான் கடைக்குப் போடுங்க சார் என்று சொன்னதும் அதே தம்பிதான். இவன் அன்றைக்கும் சிரித்துக்கொண்டு நின்றான். பல்லைக் காட்டுகிறதில் நமக்கு என்றைக்குக் குறை.

அவள் தரையைத்தான் காட்டினாள். அதுவும் உள்ளே வந்து காட்டவில்லை. இந்தப் பக்கம் பொம்பளைகள் சுடுகாட்டுக்குள் காலெடுத்து வைக்கிற வழக்கம் இல்லை, ஓடைக்கரையோடு சரி. ஆறு ஏழு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, மஞ்சக்காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துபோயிருக்கிறது. புருஷனும் அவன் சித்தப்பனும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது இவள் வீட்டில் இருக்கச் சொன்னதைக் கேட்காமல் பின்னாலேயே ஓடிவந்து கரையில் நின்றுவிட்டாளாம். அங்கே நின்றுதான் பார்த்தாளாம். புருஷன் ஒரு கல்லை வைத்திருக்கிறான். அடுத்த ஐப்பசியில் ஓடை பொங்கி வந்தபோது கல் போன இடம் தெரியவில்லை. புருஷனும் திருப்பூர் போனவன் போனவன்தான். நடக்க ஆரம்பிச்ச பிள்ளைய்யா, பேரு செண்பகம், என்று அவள் சொன்னபோது ஆழ்வார்சாமி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தான், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும் வைத்துக்கொண்டிருந்தான். கரையில் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, கையை அப்படியும் இப்படியும் ஆட்டி, இன்னும் கொஞ்சம் தெக்கே, ஒரு எட்டு பின்னால, அங்கதான், அங்கதான் என்று அவள் சன்னாசியை நகர்த்திக் கொண்டுபோய் நிறுத்தினாள். சன்னாசியும் அவள் கையைப் பார்த்து நகர்ந்தான். கம்பை அந்த வெறும் கரிசலில் ஊன்றினான். எல்லாம் முறையாக நடந்தது. ஒருத்தன் மட்டும்தான் முறையாக நடக்கவில்லை. முடியாதும்மா, மேலிடத்து உத்தரவு அப்படி, என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், ஏசியிருப்பாள், மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தம்பியின் காரை மறித்தாலும் மறித்திருப்பாள். அந்த அழுகைக்குப் பயந்துதானே, அந்தத் தம்பிக்குப் பயந்துதானே, இரண்டு பக்கமும் நல்லவனாக இருக்கப் பார்த்து அந்தப் பித்தானை அமுக்கினாய். சீ.

சன்னாசி ஒரு முள்ளுக்காட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கையைத் தூக்கிக் காட்டினான், அடுத்தது தயார் என்று. கீங். ஏறியது. ஆழ்வார்சாமி கையைத் தூக்கினான், போகலாம் என்று. சன்னாசி போனான். இந்தக் கையை நம்பித்தான் அவன் இத்தனை காலமாக மலையிலும் கண்மாயிலும் முள்ளிலும் சேற்றிலும் நடந்துகொண்டிருக்கிறான். கை உயர்ந்தால் புள்ளி ஏறிவிட்டது என்று அர்த்தம், கம்பைப் பிடுங்கலாம். அங்கேயும் கை உயர்ந்ததே. அந்த வெறும் தரையிலிருந்தும் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லிக் கை உயர்ந்ததே. அவளிடம் வாய் சொன்ன பொய்யைச் சன்னாசியிடம் கை சொல்லியிருக்கிறது. உடம்பு முழுக்க ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறது, என்ன ஒரு கூட்டுக் குடும்பம். இது இன்றைக்கு வந்த பழக்கமா. மாத்திரை போட்டாச்சா என்று அடுப்படியிலிருந்து பெண்டாட்டி ருக்மணி கேட்பாள். போட்டாச்சு என்பான், மாத்திரை அட்டை அப்படியே டிவி மேல் கிடக்கும். அவளும் நம்பிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். போட்டாச்சு, கட்டியாச்சு, சொல்லியாச்சு, பாத்தாச்சு. கேட்கிறவர்களின் முகம் அந்த வினாடியில் ஒரு மாதிரி தெளியும் பார், அதுக்காகவே சொல்லத் தோன்றும். பொய்யென்று ஒரு நாளும் நினைத்ததில்லை, பின்னால் செய்துவிடப் போகிறதை முன்னால் சொல்லுகிறோம், அவ்வளவுதானே. மாத்திரையைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஜல்லி விழுந்த பிறகு எதைப் போட்டுக்கொள்வாய். குருவம்மாவின் முகமும் அப்படித்தான் தெளிந்தது. அதைப் பார்க்க நன்றாகக்கூட இருந்தது. ஒரு சந்தோஷம்கூட வந்தது, நாம் ஏதோ கொடுத்த மாதிரி. மெஷினுக்கு மேல் கட்டியிருந்த குடை காற்றில் சாய்ந்து வெயில் பிடரியில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டான். மெஷினுக்கு வெயில் ஆகாது என்று அப்புறம் நினைப்பு வந்து குடையை நிமிர்த்தினான்.

மெமரி இல்லையே, அதுவும் ஒரு காரணம்தானே என்று மனசு இன்னொரு பக்கமாக வந்து காலைச் சுற்றியது. பழைய மெஷின், வயிறு சின்னது. புது மெஷின்காரன் விரல்நகம் மாதிரி ஒரு கார்டைச் சொருகிக்கொண்டு லட்சம் புள்ளி எடுக்கிறான். இவனுக்கு உள்ளே இருக்கிற இடம்தான் இடம், நிறைந்துவிட்டால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஒயரை மாட்டி இறக்கிவிட்டு, பழையதை அழித்தால்தான் புதிது ஏறும். கண்மாய் வேலை ஒன்று, பள்ளிக்கூடத்து மனை ஒன்று என்று இறக்காத வேலைகள் உள்ளே கிடக்கின்றன. வெறும் தரைக்கெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டிருந்தால் கடைசியில் நிஜச் சமாதிக்கு இடம் இல்லாமல் போகுமே, அப்போது அந்தச் சனங்களுக்கு யார் பதில் சொல்வது, அந்தப் பொறுப்பும் நமக்கு இருக்கிறதல்லவா. ஆகா, பொறுப்பு. இந்தச் சப்பைக்கட்டு ஓரளவுக்கு நன்றாகவே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நாலைந்து சமாதி எடுத்தான். சிலுவை வைத்தது ஒன்று, செங்கல் அடுக்கினது ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டு. அப்போதுதான் இன்ஜினியர் தம்பி போன் செய்தது. எவ்வளவு ஆச்சு சார் என்றது. பாதி தாண்டிருச்சு சார் என்றான். பாதி தாண்டவில்லை. ஊர்க்காரங்க யாரும் வந்து தொந்தரவு பண்ணலையே என்றது. இவன் ஓடைக்கரையைப் பார்த்தான், அங்கே யாரும் இல்லை. ஒரு பொம்பள வந்துச்சு சார், வெறுந்தரையக் காட்டுச்சு, நான் ஏத்தல சார், சமாளிச்சு அனுப்பிட்டேன், என்று இவன் வாய் சொல்லியது. கேட்கவே இல்லை அந்தத் தம்பி, இவனாகச் சொன்னான். சூப்பர் சார், அப்படித்தான் இருக்கணும், ஓல்டு இஸ் கோல்டு, என்று சிரித்தது போன். இவனும் சிரித்தான்.

போனைப் பையில் போட்ட பிறகும் அந்தச் சிரிப்பு வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, துடைத்தால்தான் போகும் போலிருந்தது. உண்மையிலேயே கையால் வாயைத் துடைத்தான். சமாளிச்சு அனுப்பிட்டேன். ஒரு தாயை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவளை, சமாளிச்சு அனுப்பினாயா. மெடல் குத்திக்கொள். சன்னாசி தூரத்தில் கம்பைப் பிடித்தபடி என்னண்ணே என்பதுபோல் தலையை ஆட்டினான். இரு என்று கையைக் காட்டிவிட்டு, எதையாவது செய்கிற மாதிரி இருக்கட்டும் என்று மெனுவுக்குள் போய் மெமரி எவ்வளவு மிச்சம் என்கிற பக்கத்தைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம். கறுத்துப்போன அந்தத் திரையில், இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் புள்ளிக்கு இடம் இருக்கிறது என்று மெஷின் அப்பாவியாகச் சொல்லியது. இந்தச் சுடுகாடு முழுவதையும், ஓடையையும், அவள் தெருவையும், தெருவில் இருக்கிற ஆடு மாடு எல்லாவற்றையும் ஏற்றினாலும் மிச்சம் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. இடம் இருந்தது. இடம் எப்போதும் இருந்தது. ஆழ்வார்சாமி கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இப்போதே எடுத்துவிட்டால் போயிற்று, யாருக்கும் தெரியாது, அவளுக்கும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னது உண்மையாகிவிடும், அவ்வளவுதானே, என்று தோன்றியதும் உடம்பே லேசானது. பாரேன், இதிலும் பின்னால் செய்துகொள்ளலாம்தான். சன்னாசியைக் கை அசைத்துக் கூப்பிட்டான்.

சன்னாசி, அந்தப் பிள்ளைக் குழி இருக்கில்ல, அதுல இன்னொரு வாட்டி கம்ப ஊனு, என்றான். ஏண்ணே என்றான் சன்னாசி. சும்மா ஒரு சந்தேகம், என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஊனுடா சொல்றேன் என்று மட்டும் சொன்னான். சன்னாசி போனான். அந்தப் பக்கம் போய் நின்றான். கீழே பார்த்தான். இரண்டு எட்டு நகர்ந்தான். திரும்ப வந்தான். கரிசல் மண் வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்து, கை போகிற அகலத்துக்கு வாயைப் பிளந்து கிடந்தது. எல்லா வெடிப்பும் கம்பு ஊன்றின ஓட்டை மாதிரியே இருக்க, எதை என்று பார்ப்பது. இங்கன இருக்கும்ண்ணே என்று ஒரு ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் நின்றான். இன்னும் உள்ளே இல்லையா என்றான் இவன். இல்லண்ணே, இங்கனதான், இல்லாட்டி அந்தா அங்கன. நான் அந்தம்மா கையத்தாண்ணே பாத்துக்கிட்டிருந்தேன், தரையப் பாக்கல. ஆழ்வார்சாமிக்குத் தூரம் நினைவிருந்தது. நாற்பத்திரண்டு மீட்டர், அதற்குமேல் ஏதோ சொச்சம். திரையில் பளிச்சென்று வந்து, அடுத்த சமாதியின் தூரம் வந்ததும் அழிந்துபோன எண். கோணம் நினைவில்லை, கோணத்தை அவன் பார்க்கவே இல்லை, ஏற்றப்போவதில்லை என்று தீர்மானித்த பிறகு எதற்குப் பார்ப்பது. தூரம் மட்டும் தெரிந்தால் அது இடம் இல்லை, வட்டம். அவன் நின்ற இடத்திலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர் சுற்றிலும் ஒரு வட்டம், அந்த வட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் பிள்ளை இருக்கலாம். டெலஸ்கோப்பை மெல்லத் திருப்பினான். ஆவாரஞ்செடி, வெடிப்பு, வெடிப்பு, ஒரு உடைந்த சட்டி, வெடிப்பு, ஓணான் ஒன்று கல்லில்லாத இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டு, வெடிப்பு. நடக்க ஆரம்பித்த பிள்ளை. இந்த வட்டத்தில் அது எங்கெங்கோ நடந்துகொண்டிருப்பதாக நினைப்பு ஓடியது, நிறுத்து நிறுத்து என்று சொன்னாலும் ஓடியது. பேசாமல் ஆவாரஞ்செடிக்குப் பக்கத்திலேயே ஒன்றை ஏற்றிவிடலாம், யார் கண்டது, தோண்டும்போது ஒரு கைப்பிடி மண்ணைப் பானையில் போட்டால் எந்த மண்ணாக இருந்தால் என்ன. விரல் சரியான பித்தானின் மேல்தான் இருந்தது. சரியான பித்தானால் இன்னொரு பொய். விரலை எடுத்துக்கொண்டான். அவளைத்தான் கூப்பிட வேண்டும். கரையில் நிறுத்தி, கையை ஆட்டச் சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து. அதற்கு அவள் வாசலில் போய் நிற்க வேண்டும்.

அன்னைக்கு, என்று ஆரம்பித்தான், அன்னைக்கு என்ன அன்னைக்கு, இப்போது காலையில்தானே. அந்தப் புள்ளிய நான் ஏத்தலடா சன்னாசி, என்றான். சன்னாசி கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்தான். மறந்துட்டீகளாண்ணே என்றான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், எவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிட்டான் பாவி. மறக்கல, என்றான் ஆழ்வார்சாமி. சன்னாசி ஏசியிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட வெயிலுக்கு இதமாக இருந்திருக்கும். அவன் மெஷினுக்குப் பக்கத்தில் குடை நிழலில் குந்தி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். நீ இங்க பாத்துக்க, நான் போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு இவன் ஓடையில் இறங்கினான். ஓடையில் தண்ணீர் இல்லை, மணலும் கண்ணாடிச் சில்லும் இருந்தன. என்ன சொல்வது. மெஷின் கோளாறும்மா, பாட்டரி இறங்கிப்போச்சு, ஏறினது அழிஞ்சுபோச்சு, பழைய மெஷின் பாருங்க. இதைச் சொன்னால் போதும், அவள் ஐயோ பாவம் என்பாள், மோர் வேண்டுமா என்று கேட்டாலும் கேட்பாள். எவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்துகொள்கிறது பார், கூப்பிடாமலே வருகிறது, ஓடை தாண்டுவதற்குள் முழுசாக உருவாகி, பாட்டரி முதற்கொண்டு எல்லாம் தயார். கரையேறும்போது கால் வழுக்கி முட்டியில் மண் அப்பியது. தட்டிவிடாமல் நடந்தான். தெருவில் ஒரு கிழவர் யாரைப் பாக்கணும் என்று கேட்டார். குருவம்மா வீடு என்றான், போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்கிறவனைப் போல.

அவள் வாசல் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மடியில் அட்டை, பக்கத்தில் பசைக் கிண்ணம், ஒட்டின பெட்டிகள் வெயிலில் பரப்பிக் கிடந்தன. இவனைக் கண்டதும், அய்யா நீங்களா, வாங்க, என்று எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். முகம் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. காலையில் இவன் கொடுத்த தெளிவு, இன்னும் செலவாகாமல் அப்படியே இருந்தது. அதைத் திரும்பப் பிடுங்கத்தான் வந்திருக்கிறான். பாட்டரி, பாட்டரி என்று உள்ளே ஒன்று முழங்கையால் இடித்தது. பக்கத்து வீட்டுப் பொம்பளை வேறு அட்டையும் கையுமாக வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க பிள்ளை புள்ளி ஏறல," என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. ஏறிருச்சுன்னு சொன்னீகளேய்யா என்றாள், இவன் ஏதோ மறந்துபோய்ப் பேசுகிறான், ஞாபகப்படுத்துவோம் என்பதுபோல, மெதுவாக.

"சொன்னேன். பொய் சொன்னேன். மெஷின் மேல தப்பில்ல. நான்தான் ஏத்தல. கண்ணுக்குத் தெரியாததை ஏத்த வேணாம்னு சொல்லியிருந்தாங்க, அதை உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. இடம் பிடிபட மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை வந்து காட்டணும்."

இவ்வளவுதான். இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று ஆழ்வார்சாமிக்கே ஆச்சரியமாக இருந்தது, காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்ததும் நாலே வரியாக. அவள் ஏசுவாள் என்று தலையைக் குனிந்து நின்றான். ஏசவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான், அடப்பாவி மனுசா என்றாள், அது நிம்மதியாக இருந்தது. குருவம்மா கையைப் பார்த்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. சுவரோரம் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து, நகக்கண்ணெல்லாம் தேய்த்துத் தேய்த்து, இன்னொரு சொம்பும் எடுத்துக் கழுவினாள். துடைத்துக்கொண்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் முன்னால் நடந்தாள். இவன் பின்னால் போனான். வழி முழுக்க அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனான். ஏதாவது பேசினால் தேவலை என்று, இனி அந்த இன்ஜினியர் கேட்டாலும் நான் பாத்துக்கிடுறேம்மா, என் பேரைச் சொல்லுங்க, என்றான். அவள் திரும்பவில்லை. நம் பேருக்கு இந்தத் தெருவில் என்ன விலை இருக்கிறது இப்போது.

கரையில் அதே இடத்தில் போய் நின்றாள். உள்ளே வரவில்லை. சன்னாசி எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு போனான். தெக்கே. இன்னும். ஒரு எட்டு பின்னால. அவள் கை காலையில் ஆடின மாதிரியே ஆடியது, குரல் மட்டும் வரவில்லை. ஆவாரஞ்செடி இல்லை, உடைந்த சட்டி இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் கை நின்றது. சன்னாசி ஊன்றினான். குமிழியைப் பார்த்தான். ஆழ்வார்சாமி குறி பார்த்தான். பிரிசம் கண்ணாடிக்குள் வந்து நின்றது. விரலைக் கொண்டுபோய், பித்தானின் மேல் எழுதியிருக்கிறதை எழுத்துக்கூட்டிப் படிக்காத குறையாகப் பார்த்து, அமுக்கினான். கீங். காலையில் கத்தின அதே கீங், ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரையில் நம்பர் ஒன்று கூடிப் புதியது வந்தது. ஏறிவிட்டது. சத்தியமாக ஏறிவிட்டது. நிமிர்ந்து, ஏறிருச்சும்மா என்றான். சொல்லும்போதே காதில் விழுந்தது, அதே வார்த்தை, அதே குரல், அதே இழுவை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நிஜமா, என்று சேர்த்துக்கொண்டான், அது இன்னும் மோசமாக இருந்தது.

குருவம்மா அவனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சன்னாசியின் பக்கம் திரும்பினாள்.

"ஏறிருச்சாய்யா?" என்று அவனைக் கேட்டாள்.

சன்னாசிக்கு அங்கேயிருந்து என்ன தெரியும். நாற்பத்திரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்குத் திரை தெரியுமா, நம்பர் தெரியுமா. ஏறிருச்சு தாயி என்று சொல்லிவிடுவான், ஆழ்வார்சாமி கையைத் தூக்கினால் போதும், சொல்லிவிடுவான். கையைத் தூக்கினான். சன்னாசி அந்தக் கையைப் பார்த்தான். கம்பைப் பிடுங்காமல், அந்த வெடிப்பிலேயே ஆழமாக அமுக்கி, தானாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, வெயிலில் நடந்து மெஷினை நோக்கி வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்தது இல்லை. பார்க்கட்டுமாண்ணே என்றும் கேட்கவில்லை. ஆழ்வார்சாமி விலகி இடம் விட்டான். சன்னாசி குனிந்து, இரண்டு கையாலும் திரைக்கு நிழல் பிடித்து, இதுல எதுண்ணே என்றான். ஆழ்வார்சாமி பட்டியலைத் திறந்து கடைசி வரியில் விரலை வைத்தான். சன்னாசி நம்பரைப் பார்த்தான், தூரத்தைப் பார்த்தான், தலையை மட்டும் திருப்பித் தனியாக நின்ற கம்பைப் பார்த்தான், திரும்பவும் திரையைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"ஏறிருச்சு தாயி. நான் பாத்துட்டேன்."

அதன் பிறகுதான் அவள் போனாள்.